காலி சிலிண்டரின் கனம்

அத்தியாயம் 6

"மோந்து பாரு" என்றார் மேடம்.

மூக்கன் குனிந்து மோந்தான். முகம் எட்டுக் கோணலாகப் போனது. "அழுகின வெங்காயத்தை ரப்பர் செருப்பு மேல தேச்ச மாதிரி இருக்கு மேடம். நீங்க குடுத்து வச்சவங்க."

துப்பறிகிறவர்கள் எல்லோரும் மோப்பம் பிடிக்கிறவர்கள் என்றுதான் உலகம் நினைக்கிறது. மேடத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. என்றோ வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய வாசனை உணர்வையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். அதனால் உதவிக்கு ஆள் தேடியபோது, வாய் முழ நீளம் இருந்தாலும் மூக்கு ஒழுங்காக வேலை செய்த இவனைப் பிடித்துப் போட்டார். அன்றே மூக்கன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

காரின் முன்பக்கத்தில் விரித்திருந்த பழைய துண்டின் மேல் ஒரு கேஸ் ரெகுலேட்டர் கிடந்தது. மேடம் அதைக் காலையிலேயே இரண்டாகப் பிளந்துவிட்டார். உள்ளே கேஸ் போகவேண்டிய ஊசித்துளையை மஞ்சள் நிற எண்ணெய் ஒன்று பிசுபிசுவென்று அடைத்திருந்தது.

"இதுக்கு மேல என்ன மேடம் பாக்கணும்?" என்றான் மூக்கன். "அந்த ஃபிட்டரம்மா பழசைத் துடைச்சுப் புதுசுன்னு மாட்டியிருக்காங்க. பழசுக்குள்ள எண்ணெய் இருந்திருக்கு. கதை முடிஞ்சுது. அறிக்கையை அனுப்பிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கலாம்."

"நீ கார்லயே தூங்கிட்டுத்தான வந்த?"

"அது பயணத் தூக்கம். கணக்குல வராது."

விஷயம் இதுதான். ஏரிக்கரையில் இருந்த அந்தக் கேரவன் பார்க்கில் வரிசையாகச் சக்கர வீடுகள் நின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வாடகை கட்டுப்படியாகாதவர்கள், சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவற்றில் குடியிருந்தார்கள். குளிர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கேரவனாக அடுப்பு சோர்ந்துபோனது. எல்லாவற்றிலும் ரெகுலேட்டர் அடைப்பு. புதுசு மாட்டினால் கொஞ்ச நாளில் அதுவும் அடைத்துக்கொண்டது. போன வாரம், ஓய்வு பெற்ற கேஷியர் ஒருவர் எரியாத அடுப்பின் திருகை முழுக்கத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தார். அடைத்துக்கொண்டிருந்த ரெகுலேட்டர் அந்த நேரம் பார்த்து வழிவிட்டது. குப்பென்று கிளம்பிய தீயில் வலது கை முழங்கை வரை வெந்துபோய், அவர் இப்போது மருத்துவமனையில் கிடக்கிறார்.

இன்சூரன்ஸ் அதிகாரி மேடத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். தப்பு யாருடையது? இன்று மாலைக்குள் பெயர் வேண்டும். ரெகுலேட்டர்களை மாட்டிய ஃபிட்டரம்மாவின் பெயர் போனால், அவருடைய லைசென்ஸ் இன்றோடு சரி. கணவர் இல்லாமல், அந்த ஒரு ஸ்பேனர் பையை வைத்துக்கொண்டு ஒரு மகளைக் கரையேற்றிக்கொண்டிருக்கும் மனுஷி அவர்.

ஃபிட்டரம்மாதான் என்று முதலில் மேடத்தின் காதில் போட்டது மூக்கன். மூக்கனின் காதில் போட்டது அவன் அண்ணன். அண்ணன்தான் அந்தப் பார்க்குக்குச் சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவர். சின்னவர் பெரியவர் வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் 'சிலிண்டர் அண்ணன்'. அப்பா போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். அண்ணன் சொன்னால் அது வேதவாக்கு. அந்தத் தைரியத்தில்தான் மூக்கன் நேற்று ஃபிட்டரம்மாவின் முகத்துக்கு நேராகவே, "வயித்துப் பொழப்புக்கு வேற வழியே கிடைக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தான்.

மேடம் ரெகுலேட்டரின் பித்தளைத் திருகை அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "இதுல ஸ்பேனர் பட்ட தடம் எத்தனை?"

"ரெண்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"முறுக்கினப்ப ஒரு பக்கம் கீறும். கழட்டினப்ப எதிர்ப்பக்கம் கீறும். கழட்டினது நான், இன்னிக்குக் காலையில, சிலிண்டரைக் கழட்டிட்டுக் காலியாக் கிடந்த ஒரு கேஸ் பெட்டியில. அப்ப இதுக்கு முன்னாடி இதை எத்தனை தடவை முறுக்கியிருக்காங்க?"

மூக்கன் தலையைச் சொறிந்தான். "ஒரே தடவை."

"வேற எங்கயோ இருந்து கழட்டின பழசா இருந்தா?"

"தடம் கூட இருக்கணும்." அவன் குரல் இறங்கியது. "அப்ப புதுசுதான் மாட்டியிருக்காங்க."

"புதுசுக்குள்ள இவ்வளவு எண்ணெய் எப்படி வந்துச்சு? எண்ணெய்க்குக் காலா முளைச்சிருக்கு, ஏறி வர்றதுக்கு?" மேடம் ரெகுலேட்டரைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "வா. எல்லாம் இருக்கிற இடத்துல எப்படி இருக்குன்னு பாப்போம்."

*

கேஷியரின் கேரவன் பார்க்கின் கடைசியில், ஏரியைப் பார்த்து நின்றது. உள்ளே ஆறடிக்கு ஒரு சமையலறை, அதற்குள்ளேயே சாப்பாட்டு மேஜை, மேஜையைத் தாழ்த்தினால் அதுவே கட்டில். அடுப்புக்கு மேலே சுவரில் கரி படிந்திருந்தது. கேஷியரின் மனைவி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பாதி வெளுக்க வைத்திருந்தார். மருத்துவமனைக்குப் போவதற்காகத் துணிப்பையில் மாற்றுத்துணி மடித்துக்கொண்டிருந்தவர், மூக்கனைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"சிலிண்டர் அண்ணன் தம்பிதான நீ? வாப்பா. உங்க அண்ணன் தங்கம்ப்பா. அடுப்பு சோர்ந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அடுத்த நிமிஷம் புது சிலிண்டரோட நிப்பாரு. ரெகுலேட்டரை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் புதுசை மாட்டினாருன்னா கொஞ்ச நாளைக்கு ஜம்முனு எரியும்."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"அப்புறம் மறுபடியும் சோர்ந்துடும். மறுபடியும் அவர்தான் வருவாரு."

"அடுப்பு சோர்ந்தா சிலிண்டர் காலின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

கேஷியரின் மனைவி மேடத்தை ஒரு மாதிரி பார்த்தார். "அடுப்பு சோர்ந்தா சிலிண்டர் காலிதானங்க? வேற என்ன?"

உலகத்தில் கேஸ் அடுப்பு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். தீ குறைந்தால் சிலிண்டர் காலி. அதைத் தூக்கிப் பார்க்கக்கூடத் தோன்றாது. அதுவும் இடுப்பு வலியும் முட்டி வலியும் உள்ளவர்கள் நிறைந்த இடத்தில், சிலிண்டரைத் தூக்க ஒரு அண்ணன் சிரித்த முகத்தோடு வரும்போது, யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள்?

மேடம் வெளியே வந்து, கேரவனின் முன்மூக்கில் இருந்த கேஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே சிலிண்டர் நின்றது. பெட்டியின் சுவரில் ரெகுலேட்டர். இரண்டையும் இணைத்து ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ட்யூப். சிலிண்டருக்கு அடியில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு மரக்கட்டை.

"இது என்ன?"

"சிலிண்டர் அடியில துருப்பிடிக்கக் கூடாதுன்னு எல்லா வண்டிக்கும் போட்டுக் குடுத்தாரு சிலிண்டர் அண்ணன்" என்றார் கேஷியரின் மனைவி பின்னாலிருந்து. "காசு வாங்கல. ஆனா பெருமை முழுக்கத் தம்பிக்குத்தான். 'நான் எங்க பண்ணினேன்மா, யோசனை, வேலை எல்லாம் என் தம்பி'ன்னு வாய்க்கு வாய் சொல்லுவாரு."

மூக்கனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "என் கைவேலை மேடம். ஞாயித்துக்கிழமை ஆனா நானும் அண்ணனும் இங்கதான். நடு ரோட்டுல உட்கார வச்சு அறுக்கச் சொல்லுவாரு. போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துப் பாராட்டுவாங்க. துப்பறியிற தொழில் கவுந்தா தச்சு வேலைக்குப் போயிடுவேன்."

மேடம் சிரிக்கவில்லை. கையை விரித்துக் கட்டையின் பக்கவாட்டில் வைத்து அளந்தார். சரியாக ஒரு சாண். பிறகு ரப்பர் ட்யூபை ஒரு விரலால் தொட்டு, சிலிண்டரின் வாயிலிருந்து ரெகுலேட்டர் வரை தடவிக்கொண்டே போனார். விரல் இறங்கிக்கொண்டே போனது.

"துருப்பிடிக்காம இருக்க ரெண்டு விரக்கடை போதாதா? எதுக்கு ஒரு சாண்?"

"அண்ணன் அளவு அதுதான். குச்சியில வெட்டிக் குடுத்தாரு. 'ஒரு நூல் குறையக் கூடாதுடா'ன்னு சொன்னாரு. நான்கூட, 'என்னண்ணே, சிலிண்டரை மேடையேத்திப் பேச விடப் போறோமா'ன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"மழைத்தண்ணி ஏறக்கூடாதுன்னாரு."

மேடம் மேலே மூடியையும் கீழே காய்ந்த பெட்டியையும் பார்த்தார். மூடியைச் சாத்தினார்.

*

பார்க் அலுவலகத்துக்குப் பின்னால் கம்பி வலை அடித்த கூண்டு ஒன்று இருந்தது. காலி சிலிண்டர்களை அண்ணன் அங்கேதான் அடுக்கி வைத்து, பிறகு தன் வண்டியில் ஏற்றிப் போவார். பார்க் மேனேஜர் சாவியைக் கொடுத்தார்.

"இந்த வரிசை முழுக்கக் காலியா?" என்றார் மேடம்.

"காலிதான் மேடம்" என்றான் மூக்கன். "சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டிருக்கே."

"ஒண்ணைத் தூக்கு."

மூக்கன் சட்டைக் கையை மடித்தான். "உங்களுக்கு என் உடம்பு மேல சந்தேகம் வந்துருச்சு. பாத்துக்கங்க." ஒரு கையால் அலட்சியமாகப் பிடித்து இழுத்தான். சிலிண்டர் அசையவில்லை. இரண்டு கையும் போட்டு இழுத்தான். நெற்றி நரம்பு புடைத்தது. சிலிண்டர் முழங்கால் உயரம் வந்து, தடாலென்று தரையில் இறங்கியது. உள்ளே தண்ணீர் அலம்புகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"காலியே இந்தக் கனம்னா முழுசு எப்படி இருக்கும்?" என்று சிரித்தவன், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

"அடுத்ததைத் தூக்கு."

அடுத்ததும் கனத்தது. அதற்கடுத்ததும். நாலாவதை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு மூக்கன் கையை எடுத்துக்கொண்டான்.

"அடைச்சது ரெகுலேட்டர்" என்றார் மேடம், பாடம் ஒப்பிக்கிற குரலில். "சிலிண்டர் காலியாகல. ஆனா காலின்னு நினைச்சுத் திருப்பிக் குடுத்திருக்காங்க. பாதி கேஸோட. புதுசுக்கு முழு விலை. இந்தப் பாதி எங்கயோ போகுது, யாருக்கோ விக்குது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மூக்கா. தினமும் காலி சிலிண்டர் தூக்கற கைக்கு, இது காலி இல்லைன்னு தெரியாம இருக்குமா?"

மூக்கனுக்குக் கோபம் வந்தது.

"அண்ணனுக்கு ரெண்டு தோளும் இரும்பு மேடம். அவருக்குக் கனமே தெரியாது. பெருக்கல் குறியை வேற யாராச்சும் போட்டிருக்கலாம். ஏன், ஃபிட்டரம்மாவே போட்டிருக்கலாம். நீங்க யாரைச் சொல்றீங்கன்னு யோசிச்சுத்தான் சொல்றீங்களா? என் ஸ்கூல் ஃபீஸ் கட்ட அவரு தன் சைக்கிளை வித்தவரு."

"நான் யாரையும் சொல்லல" என்றார் மேடம். "கனத்தை மட்டும்தான் சொன்னேன்."

காரில் ஏறியபோது, எப்போதும் ரேடியோவோடு போட்டி போட்டுக்கொண்டு பேசுகிறவன், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

*

ஃபிட்டரம்மாவின் பட்டறை, வீட்டின் முன்னறையேதான். சுவர் முழுக்க ஆணியில் ஸ்பேனர்கள் தொங்கவேண்டிய இடத்தில் வெறும் ஆணிகள் இருந்தன. அவர் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். விற்கப் போகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. மூக்கன் வாசலைத் தாண்டவில்லை.

"தம்பிக்கு இன்னும் ஏதாவது சொல்ல பாக்கி இருக்கா?" என்றார் ஃபிட்டரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"இருக்கிறது எனக்குத்தான்" என்றார் மேடம். "ரெகுலேட்டர் மாத்தப் போகும்போது சிலிண்டர் பெட்டியில எப்படி நின்னுச்சு?"

"நின்னாத்தான பாக்கறதுக்கு? நான் போறதுக்கு முன்னாடியே சிலிண்டரைக் கழட்டி வண்டியில வச்சிருப்பாரு சிலிண்டர் அண்ணன். 'உங்க பாதுகாப்புக்குத்தாம்மா'ம்பாரு. காலிப் பெட்டியில வேலை பாத்துட்டு வந்துடுவேன். அப்புறம் அவரே மாட்டிக்குவாரு."

"பெட்டிக்குள்ள அந்தக் கட்டை?"

ஃபிட்டரம்மா இப்போதுதான் திரும்பினார். "என்ன கட்டை?"

மூக்கனின் கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டது.

"சிலிண்டருக்கு அடியில ஒரு கட்டை" என்றார் மேடம். "பச்சைப் பெயின்ட். ஒரு சாண் உயரம். எல்லா வண்டியிலயும் இருக்கு."

"ஒரு சாணா?" ஃபிட்டரம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை அது? சிலிண்டர் வாய் ரெகுலேட்டரை விட மேல போயிடுமே!"

"போனா?"

மேடத்துக்குத் தெரியாமல் இல்லை. கேஷியர் கேரவனில் விரலால் ட்யூபைத் தடவியபோதே அவர் கணக்கைப் போட்டுவிட்டார். மூக்கன் காதால் கேட்கவேண்டும் என்றுதான் கேட்டார்.

"ரப்பர் ட்யூப் வழியா கேஸ் போகப் போக, ரப்பர்ல இருக்கிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். ட்யூப் சிலிண்டர் பக்கம் சாஞ்சிருந்தா எண்ணெய் சிலிண்டருக்கே திரும்பிப் போயிடும், யாருக்கும் தொல்லை இல்ல. ரெகுலேட்டர் பக்கம் சாஞ்சிருந்தா சொட்டுச் சொட்டா அதுக்குள்ள இறங்கும். குளிர்ல இறுகி அடைச்சுக்கும். அதனாலதான் நான் எந்த வண்டியிலயும் ரெகுலேட்டரைச் சிலிண்டர் வாய்க்கு மேலதான் மாட்டுவேன்."

"ரெகுலேட்டரை யாரும் தொடவே இல்ல" என்றார் மேடம். "சிலிண்டரைத் தூக்கி வச்சிருக்காங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கட்டையை எடுத்து ஒளிச்சிருக்காங்க. நல்லதுக்குப் போட்ட கட்டைன்னா ஒளிப்பானேன்? இந்த விஷயத்தை நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

ஃபிட்டரம்மா வாசலைப் பார்த்தார். மூக்கனின் முகத்தைப் பார்த்ததும், அவருக்கே சொல்ல மனம் வரவில்லை போலிருந்தது. ஆனாலும் சொன்னார்.

"சிலிண்டர் போடறவருக்குத்தான முதல்ல தெரியணும்? பார்க்குக்கு வந்த புதுசுல உங்க அண்ணன்கிட்ட சொன்னேன் தம்பி. 'தரையிலயே வைங்க, உயரத்துல வச்சா ரெகுலேட்டர் போயிடும்'னு. 'நல்லவேளை சொன்னீங்கம்மா'ன்னாரு."

*

அவர்கள் ஃபிட்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்க்குக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் கூண்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெருக்கல் குறி போட்ட சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு கைகளாலும் அணைத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். ஏற்றிவிட்டு மூச்சு வாங்கினார். இரும்புத் தோளுக்குக் கனம் நன்றாகவே தெரிந்தது. மூக்கன் அதைக் காருக்குள்ளிருந்தே பார்த்துவிட்டான்.

"நீங்க இருங்க" என்று அவனே இறங்கி முன்னால் போனான். மேடமும் ஃபிட்டரம்மாவும் நாலடி பின்னால் வந்தார்கள்.

"வாடா" என்றார் அண்ணன். "என்ன முகம் இப்படி வாடிக் கிடக்கு? சாப்டியா?"

அந்த ஒரு வார்த்தையில் மூக்கன் உடைந்துவிடப் பார்த்தான். எல்லாம் தப்பாக இருக்கவேண்டும், அண்ணன் இரண்டு வரியில் விளக்கிவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும் என்று அவன் மனம் கெஞ்சியது.

"கட்டை எதுக்குண்ணே?"

"எந்தக் கட்டை?"

"நான் அறுத்தது. ஒரு சாண்."

அண்ணன் அவனைப் பார்த்தார். அவன் தோளுக்கு மேலே ஃபிட்டரம்மாவைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தம்பியைச் சுற்றிக்கொண்டு மேடத்தின் முன்னால் போய் நின்றார். குரலில் அவ்வளவு வருத்தம்.

"நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் மேடம். கூடப் பிறந்தவனாச்சேன்னு வாய் வரல. கட்டை யோசனை இவனோடதுதான். அறுத்தது இவன், பெயின்ட் அடிச்சது இவன், ஒவ்வொரு பெட்டியிலயும் வச்சது இவன். பார்க்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. சிலிண்டர்ல மிச்சம் இருக்கிறதை விக்கலாம்னு சொன்னதும் இவன்தான். இந்தம்மா பேரை உங்க காதுல போட்டதும் இவன்தான? நான் போட்டனா?"

வண்டியின் மேல் ஒரு சிலிண்டர் சரிந்து இன்னொன்றில் இடித்துக்கொண்டது.

அண்ணன் கோபப்பட்டிருந்தால் மூக்கன் தாங்கியிருப்பான். அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பான். இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதில் முன்பே தயாராக இருந்தது. நடு ரோட்டில் உட்கார வைத்து அறுக்கச் சொன்னது, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் 'என் தம்பி, என் தம்பி' என்று சொன்னது, அதைக் கேட்டு இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் முன்னால் நின்றன. அவனை யாரும் அந்த அளவுக்குப் புகழ்ந்ததில்லை. அது புகழ்ச்சியும் இல்லை.

"முதல்ல இந்தம்மா" என்றான் மெதுவாக. "இவங்க மேல போட்ட பழி பஞ்சரானா நான். என்னை ஸ்டெப்னியா வச்சிருந்திருக்கீங்க."

"மூக்கா" என்றார் மேடம். "இவர் சொன்னதுல உண்மை எவ்வளவு?"

"அறுத்தது நான். பெயின்ட் அடிச்சது நான். வச்சதும் நான். ஃபிட்டரம்மா பேரைச் சொன்னதும் நான். மத்ததெல்லாம் இல்ல. ஆனா நீங்க ஏன் நம்பணும் மேடம்? அவர் சொன்னதுக்குப் பார்க் பூராவும் சாட்சி இருக்கு. எனக்கு யாரு?"

"எனக்குச் சாட்சி வேண்டாம்" என்றார் மேடம். "ஒரே ஒரு சந்தேகம்தான். சிலிண்டர் அண்ணே, ஃபிட்டரம்மா ரெகுலேட்டர் மாத்த வந்தப்பல்லாம் கட்டையை எடுத்து ஒளிச்சாங்களே, அது யாரு?"

"இவன்தான்."

"அவங்ககிட்ட கேட்டுட்டேன், வந்ததெல்லாம் வார நாள், காலை நேரம். அந்த நேரத்துல உங்க தம்பி எங்க இருப்பான் தெரியுமா? என் கார்ல. எனக்குப் பக்கத்துல. வாயை மூடாம என் உயிரை எடுத்துக்கிட்டு. ஒரு நாள் லீவு போட்டிருந்தாலும் நான் நிம்மதியா இருந்திருப்பேன். இவன் போடல."

ஃபிட்டரம்மா ஏற்கெனவே வண்டிக்குப் பக்கத்தில் போயிருந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கீழே போட்டார். உள்ளே இரண்டு பச்சைக் கட்டைகள். நேற்று ரெகுலேட்டர் மாற்றிய கேரவன்களில் இருந்து எடுத்தவை, இன்னும் திரும்பப் போய்ச் சேராதவை.

"யாருக்கு என்னடா நஷ்டம்?" என்று அண்ணன் இப்போது தம்பி பக்கம் திரும்பினார். நடிப்பு போய் நிஜமான எரிச்சல் வந்திருந்தது. "அவங்க எரிக்காத கேஸ். கை வெந்தது நான் நினைச்சா நடந்துச்சு? உன் மேல வந்தா உங்க மேடம் காப்பாத்திடுவாங்க, சின்னப் பையன்னு விட்டுடுவாங்க. எனக்கு யாரு இருக்கா? உன்னை வளத்தவன்டா நான்."

"ஆமாண்ணே" என்றான் மூக்கன். "எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அண்ணன் அதற்கு மேல் அவனைப் பார்க்கவில்லை. மேனேஜர் வந்து கூண்டைப் பூட்டி, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

மேடம் போனை எடுத்து இன்சூரன்ஸ் அதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு எதிர்முனையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைக் கையால் பொத்தினார்.

"கட்டை அளவு குடுத்தது யாருன்னு அறுத்தவன் வாயாலயே கேக்கணுமாம். அப்பத்தான் ஃபிட்டரம்மா பேரை எடுப்பாங்களாம். நீ பேசினா உன் பேரும் உள்ள வரும். கட்டை வச்சவன்னு எழுதுவாங்க. கட்டாயம் இல்ல. யோசிச்சுக்க."

ஃபிட்டரம்மா பேசு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று அவன் கேட்ட கேள்விக்கு அவருக்கு அந்த உரிமை இருந்தது.

மூக்கன் கையை நீட்டிப் போனை வாங்கினான். சொன்னான். கட்டையை அறுத்தது தான் என்று சொன்னான். அளவுக்குச்சி யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது, எந்தெந்த வண்டியில் வைத்தது, ஃபிட்டரம்மாவின் பெயரை யார் சொல்லித் தான் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். எதிர்முனையில் அதிகாரி தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"சரிங்க, அந்தம்மா பேரை எடுத்துடறேன்" என்றார் அதிகாரி. "கடைசியா ஒண்ணு. அந்தச் சிலிண்டர்காரருக்கு நீங்க என்ன வேணும்?"

மூக்கனுக்கு இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நாக்கு நுனியில் பத்துப் பதில் இருக்கும். கூண்டுப் பக்கம் திரும்பினான். அண்ணன் வண்டியின் படியில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஹலோ? என்ன வேணும்னு கேட்டேன்."

"தம்பி" என்றான். "கூடப் பிறந்த தம்பி."